மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் ஜீப்

(திரையில்: வீட்டு வாசல். பானட் திறந்த பழைய டீசல் ஜீப். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடிக்கிறது.)

பார்த்தீர்களா, ஒரே திருப்பில் பிடித்துவிட்டது. தொந்தரவே இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் முக்கல் முனகல் இல்லாமல் ஏறிய வண்டி, மேலே போய் ஒரு மண்பாதையில் முதல் பள்ளத்தில் இறங்கியதும், யாரோ சாவியைப் பிடுங்கின மாதிரி பொட்டென்று நின்றது. மறுபடி சாவி போட்டால் ஓடும். அடுத்த பள்ளத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக ஓடும். ஒரு இடத்தில் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். இன்னொரு இடத்தில் டீசல் பில்டர், அதையும் மாற்றினேன். மூன்றாவதாக ஒருவர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காட்டியபோதுதான் கோபம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் நிற்பதற்கும் ஸ்டார்ட்டருக்கும் என்ன சம்பந்தம்?

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு சாதா மல்டிமீட்டர், ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பு, இரண்டு 5 வாட் பார்க்கிங் பல்பு, கொஞ்சம் வயர், ஒரு நோட்டு. இவ்வளவுதான்.

நோட்டு எதற்கு என்றால், விட்டுவிட்டு வரும் கோளாறு இல்லாத நேரத்தில் அதைத் தேடிப் பிரயோஜனமே இல்லை. எப்போது வருகிறது என்று முதலில் எழுதுங்கள். குலுங்கும்போது மட்டும் வந்தால் லூஸ் கான்டாக்ட், அறுந்த வயர் பக்கம் போகலாம். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு வந்து, ஆறியதும் சரியானால் காயில், சென்சார், ரிலே மேல் சந்தேகப்படலாம். ஓடையில் இறங்கி ஏறிய மறுநாள் வந்தால் கப்ளருக்குள், அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குள், தண்ணீர். ஹெட்லைட் போட்டால் மற்றதெல்லாம் மங்கினால் எர்த், அதாவது பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு. என் நோட்டில் ஒன்பது தடவை நின்றதில் ஒன்பதும் பள்ளம். சூடு, மழை, லைட் எதுவும் சம்பந்தமில்லை.

இன்னொரு தடயம், எப்படி நின்றது என்பது. டீசல் வராமலோ காற்று புகுந்தோ நின்றால் இன்ஜின் இருமும், இழுவை குறையும், சாகமாட்டேன் என்று கொஞ்சம் போராடும். இது போராடவே இல்லை. கரண்ட் போனால்தான் இப்படி.

(திரையில்: டீசல் பம்ப், அதன் மேல் ஒற்றை வயர்.)

பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்ட் பெரிதாக வேண்டாம். ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் சூடான காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆனால் என் பம்பின் மேல் கட்டைவிரல் பருமனில் ஒரு சோலினாய்டு, அதாவது கரண்ட்டில் திறக்கும் வால்வு, இருக்கிறது. சாவி போட்டால் அதற்கு 12 வோல்ட் போய் டீசல் வழி திறக்கும், கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழியை மூடிவிடும். சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கிறோமே, அது இப்படித்தான். ஆக அந்த ஒற்றை வயரில் ஒரு கணம் கரண்ட் நின்றாலே போதும், யாரும் தொடாமலே வண்டி தன்னை அணைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வைத்த புது காமன் ரெயில் டீசல் வண்டியில் இசியூவும் (அந்தக் கம்ப்யூட்டர்தான்) சென்சார்களும் இருப்பதால், கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் போட்டு ஆரம்பிக்கலாம், ஆனால் ஸ்கேனர் எந்த சர்க்யூட் என்று மட்டும் காட்டும், வயரில் எந்த இடம் என்று கைதான் தேட வேண்டும்.

வயரைத் தொடும் முன் எர்த்தைப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேதான் குடியிருக்கும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு லீடு பேட்டரி மைனஸில், கிளாம்பில் வேண்டாம், நடுவில் இருக்கும் ஈயக் கட்டையிலேயே. சிவப்பு லீடு இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். பம்ப் வயரைக் கழற்றி, அதன் முனை எதிலும் படாமல் டேப் சுற்றிவிட்டு, நியூட்ரலில் ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்றும், அப்போது மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். என்னுடையது 0.7 காட்டியது. எர்த் பட்டையைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், துரு, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். 0.1க்கு வந்தது. அடடா முடிந்தது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அதே பள்ளம். அதே பொட்.

(திரையில்: மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது.)

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன், பீப் அடித்தது, வயர் நல்ல வயர் என்று முடிவு கட்டினேன். அந்த பீப்புக்காக மீட்டர் அனுப்பும் கரண்ட் சில மில்லிஆம்ப்கூட இருக்காது. இருபது செம்பு இழையில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். வயரைச் சோதிக்க வேண்டுமானால் வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். 21 வாட் பல்பை ஒரு முனையில் மாட்டினால் ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுக்கும், வயர் நைந்திருந்தால் பல்பு மங்கும். எல்இடி டெஸ்டர் இதற்கு ஆகாது, அது துளிக் கரண்ட்டிலேயே எரிந்து பொய் சொல்லும்.

வாசலில் நிற்கும் வண்டியில் என் பல்பு பளிச்சென்று எரிந்தது. நிற்கும்போதுதான் கோளாறே இல்லையே! அப்போதுதான் பல்பையே பள்ளத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றியது.

இரண்டு 5 வாட் பல்பையும் நீள வயரில் கட்டி டேஷ்போர்டில் ஒட்டினேன். முதல் பல்புக்குக் கரண்ட் பியூஸ் பெட்டியில் பியூஸ் தாண்டிய இடத்திலிருந்து, இரண்டாவதற்குப் பம்ப் சோலினாய்டின் முனையிலிருந்து. இரண்டு இழுப்பிலும் ஆரம்பத்திலேயே ஒரு சின்ன 3 ஆம்ப் பியூஸ் போட்டேன், தற்காலிக வயர் எங்காவது உரசிப் புது வினை வேண்டாம் என்று. வண்டி நிற்கும் கணத்தில் இரண்டும் அணைந்தால் கோளாறு சாவி சுவிட்ச் அல்லது பியூஸ் பெட்டிப் பக்கம். இரண்டும் எரிந்தால் சோலினாய்டு, அதன் எர்த், இல்லை டீசலே. முதலாவது எரிந்து இரண்டாவது அணைந்தால் நடுவில் ஓடும் வயர்.

பல்பைப் பார்ப்பது ஓட்டுபவர் வேலை கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பியை ஏற்றிக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு போனேன், இருட்டினால்தான் பல்பின் சிமிட்டல் தெரியும். மூன்றாவது பள்ளத்தில் கத்தினான்: "அண்ணா, ரெண்டாவது செத்துடுச்சு! மொதல்து எரியுது!"

பேட்டரி, சாவி சுவிட்ச், பியூஸ் பெட்டி, டீசல் பில்டர், பம்ப் எல்லாம் ஒரே நிமிஷத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டன. மிச்சம் ஒன்றரை மீட்டர் வயர். பியூஸ் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் எரிந்திருக்கும். எரியவில்லை, அதனால் உள்ளுக்குள்ளேயே அறுந்து அறுந்து ஒட்டுகிறது.

மறுநாள் காலை, இன்ஜின் அணைந்த நிலையில் சாவியை மட்டும் ஆன் செய்து, பம்ப் முனையில் 21 வாட் பல்பை மாட்டி, வயர்க் கற்றையை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். கப்ளரை ஆட்டினேன், ஒன்றுமில்லை. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடான ஃபயர்வாலின் ரப்பர் புஷ்ஷைத் தாண்டி, கற்றையை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடுத்த நாலு விரற்கடையில் வளைத்ததும் பல்பு அணைந்தது. நிமிர்த்தினால் எரிந்தது.

(திரையில்: வெட்டிய வயர், மிக அருகில்.)

மேலே பார்த்தால் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலில் எடுத்தால்தான் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் விறைப்பு, இந்த இடம் மட்டும் நைந்த கயிறு மாதிரி தொய்கிறது. பிளேடால் கீறினேன். கறுப்பு, பச்சை, பொடி. மூன்று இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. கிளாம்பின் ஒரு பக்கம் பாடி, ஆடாது. மறுபக்கம் இன்ஜின், ரப்பர் மவுன்ட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் ஆடும். வயரில் தொய்வே விடாமல் இழுத்துக் கட்டியதால் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு சாண் தள்ளி யாரோ ஃபாக் லைட்டுக்காக முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், தண்ணீர் அது வழியாகத்தான் ஊறி வந்திருக்க வேண்டும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை இரண்டு பக்கமும் வெட்டினேன். கறுத்த செம்பில் சால்டர் ஈயம் ஒட்டாது, ஒட்டினாலும் அந்த இடம் விறைத்து அதற்கு அடுத்த இடத்தில் உடையும். அதனால் அதே பருமனில் புது வயர் துண்டு, அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் ஜாயின்ட், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கும் குழாய். இரண்டு ஜாயின்ட்டையும் ஆடாத பக்கம் வைத்து, கிளாம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு வளையம் அளவு தொய்வு விட்டேன். ஃபாக் லைட் ஜாயின்ட்டைப் பிரித்து எறிந்து, அதற்குத் தனி பியூஸ், தனி ரிலே.

பேட்டரியை மாட்டியதும் டேஷ்போர்டு பல்புகளைக் கழற்றாமலே அதே மண்பாதைக்குப் போனோம். அதே பள்ளத்தில் ஆறு தடவை இறக்கி ஏற்றினேன். தம்பிக்கு அலுத்துவிட்டது. "அண்ணா, ரெண்டும் எரியுதுண்ணா, வீட்டுக்குப் போலாம், பசிக்குது."