ஆணியில் தொங்கிய குடை

நேயர்களுக்கு வணக்கம். உதகையில் இன்று காலை நல்ல மூடுபனி. நிலையத்துக்கு வரும் வழியில், சேரிங் கிராஸ் பக்கம், எதிரே வந்த பஸ்ஸே தெரியவில்லை. நீங்கள் கேரட் கழுவிக்கொண்டோ, கொழுந்து பறிக்கக் கிளம்பிக்கொண்டோ இதைக் கேட்கிறீர்கள். 'பொது நிர்வாக ஆய்விலும் பயிற்சியிலும் பன்னாட்டு ஒத்துழைப்பு' என்று அறிவிப்பாளர் சொன்ன தலைப்பைக் கேட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் நீங்கள் நடக்கிற நடை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வருவாய்த் துறையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கடைசி ஏழெட்டு வருஷம், புதிதாக வேலைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர்களுக்கு வகுப்பெடுத்தேன்.

அரசு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை இருக்கும். மேலே 'மக்கள் சாசனம்' என்று எழுதியிருக்கும். இந்தச் சான்று இத்தனை நாளில், அந்த மனு அத்தனை நாளில் என்று வரிசையாகக் கீழே இறங்கும். இது நம் ஊர்ச் சரக்கு இல்லை. 1991-ல் பிரிட்டனில் பிரதமர் ஜான் மேஜர் தொடங்கிவைத்தது. 1997-ல் டில்லியில் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகு இங்கே பரவியது. அங்கே ரயில் தாமதமானால் பயணிக்கு இழப்பீடு உண்டு என்றும் சேர்த்து எழுதினார்கள். நம்மிடம் பலகை வந்து சேர்ந்தது, இழப்பீடு பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

இந்தப் பலகையைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். என் வகுப்பில் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், 'மறுபடியுமா சார்' என்பார்கள். பரவாயில்லை.

வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வெளிநாட்டு அதிகாரிகள் வருவதும், குடும்பத்தோடு குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்குவதும் நமக்குப் பழகிய காட்சி. சிவில் அதிகாரிகளும் அப்படி வருவதுண்டு. ஐடெக் என்ற திட்டத்தில் 1964 முதல் பல நாட்டு அலுவலர்கள் நம் அரசின் செலவில் இந்தியாவில் பயிற்சி பெறுகிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு அலுவலர் குழு ஒன்றை மலையில் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சால்வை, பூங்கொத்து, வர்க்கி, டீ எல்லாம் தயார். எங்கள் ஆள் ஒருவர் கணினியில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

குழுவில் ஓர் அம்மா, ஆப்பிரிக்க நாடு ஒன்றில் மாவட்ட அலுவலர். அவர் கணினிப் பக்கமே போகவில்லை. மனுதாரர் பெஞ்சில் வெள்ளைத் தலைப்பாகையும் போர்வையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "எதற்கு வந்தீர்கள்?" "வாரிசுச் சான்றிதழ்." "எத்தனையாவது தடவை?" பெரியவர் விரலை மடக்கி எண்ணி, "இது நாலாவது" என்றார்.

அந்த அம்மா பலகையைக் காட்டி என்னிடம் கேட்டார்: "நாள் தவறினால் இவர் யாரிடம் போவார்?" கடைசி வரியில் மேலதிகாரியின் தொலைபேசி எண் இருக்கிறது என்றேன். எங்கே என்றார். பார்த்தால், கடைசி வரிக்கு நேரே யாரோ ஒரு ஆணி அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு ஈரக் குடை தொங்குகிறது. எடுத்துப் பார்த்தோம். நீர் சொட்டிச் சொட்டி எண் பாதி அழிந்திருந்தது.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவரோ சிரித்துவிட்டார். "எங்கள் அலுவலகத்திலும் இதே பலகை உண்டு. அங்கே பூந்தொட்டி மறைக்கிறது" என்றார்.

அப்புறம் பேசியதுதான் உண்மையான பயிற்சி. அவர் ஊரில் மனு வாங்கும்போதே 'இந்தத் தேதிக்கு வாருங்கள்' என்று சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார்களாம். மறு பாதி அலுவலரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். தினமும் கண்ணில் படும். நம்மிடமும் ஒப்புகைச் சீட்டு உண்டு. கேட்டால் கொடுப்போம், யார் கேட்கிறார்கள்? அடுத்த அணிக்கு வகுப்பெடுத்தபோது, ஒவ்வொருவரையும் அரை நாள் அந்தப் பெஞ்சில் மனுதாரராக உட்காரவைத்தேன். மதியத்துக்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். எனக்குத் திருப்தி!

பெரிய இடத்து ஒத்துழைப்பைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க நிபுணர் ஃபோர்டு அறக்கட்டளை மூலம் வந்து, நம் நிர்வாகத்தை ஆராய்ந்து 1953-ல் அறிக்கை கொடுத்தார். அதன் பலனாக 1954-ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் பிறந்தது. நம்மிடமிருந்தும் போயிருக்கிறது. மைசூரில் தயாராகும் தேர்தல் மை பல நாட்டு விரல்களில் ஏறுகிறது. 2014-ல் நமீபியா நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் தேர்தல் நடத்தியது. நல்லதுதான். ஆனால் மையும் இயந்திரமும் பெட்டியில் போகும். பெஞ்சில் உட்காரும் வழக்கம் பெட்டியில் போகாது, ஆள்தான் போக வேண்டும்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். முக்கியமாகச் சொல்ல வந்ததையே இன்னும் சொல்லவில்லை.

நீலகிரிக்குப் பொருத்தமான கூட்டாளி இலங்கையின் மலை மாவட்டமான நுவரெலியா. அதே தேயிலை, அதே சரிவு, அதே மழை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். நம் கிராம நிர்வாக அலுவலர் அங்கே கிராம உத்தியோகத்தர், நம் வளர்ச்சி அங்கே அபிவிருத்தி, அவ்வளவுதான் வித்தியாசம். நம் நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையில் மண்சரிவு அபாயமுள்ள மலை மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிக்கை வேண்டும். இங்கே 'ஹாகா' என்கிற மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதிக்கு அலைகிறோம். அனுமதி பெற்ற வீடு எது, சரிந்த வீடு எது என்று இரண்டு மலைக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். அங்கிருந்து பத்துக் கிராம உத்தியோகத்தர்கள் இங்கே ஒரு மழைக்காலம் இருக்கட்டும், இங்கிருந்து பத்துப் பேர் அங்கே...

ஒரு விரல் ஆகிவிட்டது. அந்தக் கோப்புகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். வணக்கம்.