நித்தியகல்யாணி இலைக்கு ஏன் அளவு சொல்ல முடியாது?

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? வாசல் ஓரத்தில் யாரும் நடாமல் தானாக முளைத்த நித்தியகல்யாணி. சுடுகாட்டுப்பூ, பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கும் அசராது. ஆடும் வாய் வைக்காது.

போன வாரம் பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: "தம்பி, நீ செடியப் பத்திப் படிச்சவன்தானே, சுகருக்கு இதுல எத்தன இலை போட்டுக் கொதிக்க வைக்கணும்?" கையில் ஏற்கெனவே ஒரு கொத்துப் பறித்து வைத்திருந்தார். "வேண்டாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. இன்று சொல்கிறேன்.

வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இந்த இலையிலிருந்து வந்தவை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினை இன்றும் கொடுக்கிறார்கள். அந்த மருந்துகளின் கதையே அத்தை கேட்ட கேள்வியில்தான் தொடங்குகிறது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைத் தேநீர்போல் குடிக்கிறார்கள் என்று தெரிந்து, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளில் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது வெள்ளையணுக்கள் சரிந்து, தொற்று வந்து, எலிகள் செத்துப்போயின. அந்தச் சாவுகளைத் துருவிப் போய்த்தான் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்ட சரக்கு இது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் இருப்பது துளியிலும் துளி. அந்தத் துளியும் ஒரே அளவில் நிற்பதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

வின்பிளாஸ்டின் என்பது கேதராந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்த கூட்டு. செடி இதைச் செய்ய முப்பது படி அளவுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அந்த வேலையை முடித்துக் கொடுக்கும் ஒரு என்சைம் (ஒருவகைப் புரதம்), அந்த என்சைமுக்கு ஒரு மரபணு. மரபணு எல்லாச் செல்லிலும் எப்போதும் இருக்கும். ஆனால் அது வேலை செய்கிறதா, எவ்வளவு செய்கிறது என்பது வெளிச்சம், வெப்பம், பூச்சிக்கடி என்று பலவற்றைப் பொறுத்தது. இருட்டில் முளைத்த நித்தியகல்யாணி நாற்றில் விண்டோலினுக்கான கடைசிப் படிகள் ஓடுவதில்லை. வெளிச்சம் பட்டதும் ஃபைட்டோகுரோம் என்ற புரதம் தகவல் கொடுத்து, அதன்பிறகுதான் அந்த மரபணுக்கள் விழிக்கின்றன.

இந்த ஃபைட்டோகுரோம் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், ஃபைட்டோகுரோம் பி வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016இல் இரண்டு குழுக்கள் காட்டின. வெப்பம் கூடக்கூட, விழித்திருக்கும் வடிவத்திலிருந்து அது சீக்கிரம் தூங்கும் வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. கண்ணும் தோலும் ஒரே உறுப்பாக இருந்தால் எப்படி இருக்கும்!

நித்தியகல்யாணியைக் குளிரில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. குளிரைத் தாங்க உதவும் சிபிஎஃப் என்ற மரபணு எழும்பியது, விண்டோலின் பாதையில் உள்ள மரபணுக்கள் அடங்கின. உயிரைக் காப்பாற்றும் வேலைக்குச் செடி முதலிடம் கொடுக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் குளிர் எல்லா மூலிகைக்கும் ஆகாதா? அப்படியும் இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைத் தரும் ஆர்ட்டெமிசியா அனுவா செடியைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் மருந்து கூடுகிறது. குளிர் பட்டதும் அதற்குள் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் உயர்கிறது, அது மருந்துப் பாதையின் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செடிக்கும் கொதிக்க வைப்பதற்கும் வேறொரு கதை உண்டு. 1971இல் பெய்ஜிங்கில் து யூயூ என்ற விஞ்ஞானி, அதிக வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் இலையை ஊறவைத்துச் சாறு எடுத்தார். பலித்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது.

ஆக, செடிக்குச் செடி வேறு. ஒரே செடியிலும் இளம் இலை வேறு, முற்றிய இலை வேறு. வெயிலில் நின்றதும் நிழலில் நின்றதும் வேறு. அத்தையின் பாத்திரத்தில் பத்து இலை போட்டால் எவ்வளவு மருந்து தண்ணீரில் இறங்கும் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? மருத்துவமனையில் வின்கிரிஸ்டினை மில்லிகிராம் கணக்குப் பார்த்து, ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அளவு தப்பினால் எலும்பு மஜ்ஜையும் நரம்புகளும் அடிவாங்கும். தயவுசெய்து யாரும் வீட்டில் இதைக் கஷாயம் வைக்காதீர்கள். சுகருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அத்தையிடம் நேற்று இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இன்று காலையில் பூ மட்டும் பறித்துக்கொண்டு போனார், சாமி படத்துக்கு.