குறித்த நாளில் வராத கப்பல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாய்மரக் கப்பலில் தபால் போன காலத்தில் கடிதம் தாமதமானால் யாரும் பெரிதாகப் பதறியதில்லை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு ஐந்து வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். காற்று விட்ட வழி என்று இருந்துவிடுவார்கள். நீராவிக் கப்பல் வந்து, இன்ன தேதிக்குப் புறப்படும், ஏறக்குறைய இன்ன தேதிக்கு வந்து சேரும் என்று பத்திரிகையில் அச்சாகத் தொடங்கிய பிறகுதான், வராத கப்பலைப் பற்றிய பயம் ஊரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தைப் பற்றியும், அதைச் சமாளிக்க அன்றைய மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1838-ஆம் ஆண்டு, இன்றைய கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குத் தபால் கொண்டுபோன 'டிரியன்' என்ற பாய்மரக் கப்பல், காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுவிட்டது. அப்போது நியூயார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'சிரியஸ்' என்ற நீராவிக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. டிரியனின் கப்பல் தலைவர் ஒரு முடிவெடுத்தார். தன் பொறுப்பில் இருந்த தபால் பைகளைப் படகில் ஏற்றி சிரியஸுக்கு அனுப்பிவிட்டார். சொந்தக் கப்பலின் பெருமையை விடக் கடிதம் சீக்கிரம் போய்ச் சேருவது முக்கியம் என்று நினைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். டிரியனில் பயணம் செய்த நோவா ஸ்கோஷியாக்காரர்கள் ஜோசப் ஹோவும் தாமஸ் ஹாலிபர்ட்டனும் இதைக் கண்ணால் பார்த்தார்கள். லண்டன் போனதும், தபாலை இனி நீராவியில் அனுப்புங்கள் என்று அரசிடம் வற்புறுத்தினார்கள்.

அடுத்த ஆண்டே ஹாலிஃபாக்ஸ் வணிகர் சாமுவேல் கியூனார்டு ஒப்பந்தம் பெற்றார். நான்கு கப்பல்கள், ஆண்டுக்கு 60,000 பவுண்டு. முதல் கப்பல் 'பிரிட்டானியா' 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்டு இரண்டு வாரத்தில் பாஸ்டனை எட்டியது. இவ்வளவு பணம் கொடுத்து அரசு வாங்கியது வேகத்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்கு தவறாமையையும் சேர்த்தே வாங்கியது. தாமதமானால் அபராதம் உண்டு. தபாலைக் கவனிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் கப்பலிலேயே வருவார். 1843-இல் கியூனார்டின் 'கொலம்பியா' மூடுபனியில் பாறை மீது ஏறி உடைந்தது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள், தபாலும் தப்பியது, சேவையும் நிற்கவில்லை.

1844 பிப்ரவரியில் பாஸ்டன் துறைமுகமே உறைந்துபோய் பிரிட்டானியா பனிக்குள் மாட்டிக்கொண்டது. இனிக் கப்பல் நியூயார்க்குக்கே போகட்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பாஸ்டன் வணிகர்களுக்குக் கவலை. சொந்தப் பணத்தைப் போட்டு, ஏழு மைல் நீளத்துக்குப் பனியை அறுத்து வழிசெய்து கப்பலை வெளியே அனுப்பினார்கள். பனி அறுப்பது பாஸ்டனுக்குப் புதிதல்ல. அந்த ஊரின் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டிதான் நம் சென்னைக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கும் கப்பலேறி வந்தது.

சரி, இதெல்லாம் கண்முன்னே நிற்கும் கப்பலின் கதை. கண்ணுக்குத் தெரியாத கப்பலுக்கு என்ன செய்வது?

1841 மார்ச்சில் 'பிரசிடென்ட்' என்ற நீராவிக் கப்பல் 136 பேருடன் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டது. வந்து சேரவே இல்லை. எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு தாமதத்திலும் அந்தப் பெயர் எல்லோர் மனதிலும் எழுந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் காலின்ஸ் நிறுவனத் தபால் கப்பல் 'அட்லாண்டிக்' 1850 டிசம்பர் 28 அன்று லிவர்பூலை விட்டது. ஜனவரி 6 அன்று நடுக்கடலில் எந்திரத்தின் பெரிய சுழல்தண்டு முறிந்தது. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் பாயும் கட்டியிருப்பார்கள். இப்படி ஒரு நாளுக்காகத்தான். ஆனால் எதிர்க்காற்றில் மேற்கே போக முடியவில்லை. கப்பல் தலைவர் வெஸ்ட் வந்த வழியே திருப்பி, ஜனவரி 22 அன்று அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

நியூயார்க்குக்கு இது தெரியாது. கடலடியில் தந்திக் கம்பி இல்லை. கப்பல் பத்திரமாக இருக்கிறது என்ற செய்தியும் இன்னொரு கப்பலில்தான் வர வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து துறைமுகத்தில் காத்திருந்தவர்கள் மெல்ல மெல்ல நம்பிக்கை இழந்தார்கள். பிப்ரவரி நடுவில் போட்டி நிறுவனமான கியூனார்டின் 'ஆப்பிரிக்கா' வந்து செய்தி சொன்னபோது ஊரே கொண்டாடியது. யோசித்துப் பாருங்கள், உயிரோடு கரையேறியவர்களுக்காக மூன்று வாரத்துக்கும் மேலாக ஒரு நகரம் துக்கம் காத்திருக்கிறது!

வணிகர்கள் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒரு கடிதத்தை ஒரே கப்பலுக்கு நம்பிக் கொடுக்காதே. முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று படி எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பணத்துக்கான உண்டியல்களையே, அதாவது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதும் சீட்டுகளையே, முதல் படி, இரண்டாம் படி என்று எழுதி, எது முன்னால் வருகிறதோ அதற்குப் பணம் கொடு, மற்றதைத் தள்ளிவிடு என்று அதிலேயே குறித்திருப்பார்கள். உறையின் மேல் எந்தக் கப்பல், எந்த வழி என்றும் எழுதுவார்கள். இந்தியத் தபாலுக்கு இரண்டு வழி இருந்தது: சவுதாம்ப்டனிலிருந்து எகிப்து வரை முழுக்கக் கடல் வழி மலிவு; பிரான்ஸைத் தரைவழியே கடந்து மார்செய் துறைமுகம் வழியாக அனுப்பினால் கட்டணம் அதிகம். ஆனால் லண்டனில் சில நாள் பிந்திப் போட்ட கடிதமும் அதே தபாலைப் பிடித்துவிடும். அப்புறம் எகிப்தில் உள்நாட்டுக் கால்வாய், நைல் நதி, பாலைவனம் கடந்து சூயஸில் மறுபடி கப்பல். இத்தனை கை மாறும் இடத்தில் எங்கே தடங்கினாலும் சென்னையில் காத்திருப்பவருக்குக் காரணம் தெரியாது.

சென்னைக்கு வந்த பிறகும் முடிந்துவிடவில்லை. அன்று இங்கே துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அலை முற்றினால் அதுவும் போக முடியாது. அப்போது கட்டுமரக்காரர் போவார். பாயால் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, தலையில் இறுக்கி, அலைக்குள் பாய்வார். கட்டுமரம் புரண்டாலும் நீந்திப்போய் ஏறிக்கொள்வார், கடிதம் நனையாது. கியூனார்டுக்கு 60,000 பவுண்டு என்று எழுதிவைத்த வரலாறு இவர்கள் ஒருவர் பெயரையும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

அன்று இலங்கையில் தபால் கப்பல் காலி என்ற துறைமுகத்துக்கு வரும், செய்திக்குக் காத்திருப்பவர்களோ கொழும்பில். 1850-இல் 'சிலோன் அப்சர்வர்' பத்திரிகை புறாக்களை வைத்து, கப்பலில் வந்த செய்தியைக் காலியிலிருந்து கொழும்புக்குப் பறக்கவிட்டது. கிரிமியப் போர்ச் செய்திகள்கூட அப்படி வந்தன. 1858-இல் இரண்டு ஊருக்கும் நடுவே தந்தி வந்ததும் புறாக்களை நிறுத்திவிட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடல் கடந்து போனவர்களின் கடிதங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம். தபால்தலைக்காக உறையை வெட்டிவிடாதீர்கள். மூலையில் எழுதிய கப்பல் பெயர், புறப்பட்ட ஊரின் முத்திரை, பின்பக்கத்தில் வந்துசேர்ந்த ஊரின் முத்திரை ஆகியவற்றில் எது இருந்தாலும் உறையை முழுசாக வையுங்கள். இரண்டு முத்திரைத் தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கடிதம் எத்தனை நாள் வழியில் இருந்தது என்று கணக்கிட முடியும்.

நன்றி, வணக்கம்.