மஞ்சக்கொன்னை காட்டுக்குள் வந்த வழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கூடலூரிலிருந்து முதுமலை வழியாக மைசூருக்கோ, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்கோ பேருந்தில் போகிறவர்கள், மழை ஓயும் மாதங்களில் காட்டோரம் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் மரங்களைக் கண்டிருப்பீர்கள். வயநாட்டில் மஞ்சக்கொன்னை என்று அழைக்கப்படும் அந்த மரம், அறிவியல் பெயரில் சென்னா ஸ்பெக்டபிலிஸ், வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. விஷுக் கணியில் நாம் வைக்கும் சரக்கொன்றையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சரக்கொன்றை சித்திரையை ஒட்டிப் பூக்கும், அதன் கொத்து கீழ்நோக்கித் தொங்கும்; இதன் கொத்தோ கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்.

வெளியிலிருந்து வந்த செடிகள் எல்லாமே கேடு என்று நான் சொல்லவில்லை. நம் மலைச்சரிவை மூடியிருக்கும் தேயிலையும், கிழங்குக்காக நாம் நடும் மரவள்ளியும், குழம்பில் போடும் மிளகாயும் வந்தேறிகள்தாம். ஆயினும் அவை நம் கையை எதிர்பார்த்தே வாழ்கின்றன. புதிய மண்ணுக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை வேரூன்றாமலே மடிந்துபோகின்றன. வேரூன்றும் சிலவற்றிலும் மிகச் சிலவே காட்டுக்குள் பரவுகின்றன. அப்படிப் பரவுபவை, தாயகத்தில் தம்மைத் தின்று அடக்கிவைத்த பூச்சிகளையும் நோய்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவை. ஏராளமாக விதை தருபவை. வெட்டியும் எரித்தும் சாலை போட்டும் நாம் கலைத்துவைத்த நிலத்தில் முதலில் முளைப்பவை. பூந்தோட்டத்துக்காக வந்த உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்று, விதையைக் காடெங்கும் போட்டதும் இந்த வகைதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாகக் கருதுவது இடையில் வரும் அமைதியான ஆண்டுகளை. வயநாட்டில் மஞ்சக்கொன்னை 1980களில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் சமூகக் காடு வளர்ப்பின்கீழ் நடப்பட்டது. நட்ட இடத்தில் நின்றது, பூத்தது, காய்த்தது. வருடக்கணக்கில் யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை. அந்த ஆண்டுகளில்தான் காய்கள் வெடித்து, விதை மண்ணுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகியபோது, மாநில எல்லையையும் தாண்டி முதுமலைக்குள் அது வந்துவிட்டிருந்தது. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகவே இன்று பேச வந்தேன்: ஒரு செடி பத்து இருபது ஆண்டு அடக்கமாக இருந்தது என்பது, அது இனிமேலும் அடக்கமாக இருக்கும் என்பதற்குச் சான்று ஆகாது. கையால் பிடுங்கி முடிக்கக்கூடிய காலமும் அதுவே. அந்தக் காலத்தில்தான் நாம் எதுவும் செய்வதில்லை.

காலம் கடந்தபின் வேலை எவ்வளவு கடினம் என்பதை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கு அருகில் போய்ப் பார்த்தால் அறியலாம். வெட்டுக்குக் கீழே பட்டையைப் பிளந்துகொண்டு சுற்றிலும் துளிர்கள் கிளம்பியிருக்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு புதரே நிற்கும். அந்தப் புதரின் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் வேலை இல்லை, அவை மேய்ச்சலைத் தேடி வேறு பக்கம் போகின்றன, சில வேளை நம் தோட்டத்துக்கே வந்துவிடுகின்றன. ஆகவே பெரிய மரத்தை வெட்டாமல், அடிமரத்தின் பட்டையைச் சுற்றிலும் தரைவரை உரித்து, நின்ற நிலையிலேயே காயவிடும் முறையை வயநாட்டில் கையாள்கிறார்கள். முதுமலையிலிருந்து அகற்றப்படும் மரத்தைக் காகிதக் கூழுக்குப் பயன்படுத்தத் தமிழ்நாடு அரசு வழிசெய்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடு, ஆனால் மண்ணில் கிடக்கும் விதையை எந்த ஆலையும் வாங்கிக்கொள்ளாது.

பூச்சியைக் கொண்டு செடியை அடக்குவது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளத்தின் குட்டநாட்டில் நீர்நிலைகளை மூடிய ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் நீர்ச்செடி, பெயர் அப்படியிருந்தாலும், பிரேசிலைச் சேர்ந்தது. முளைக்கும் விதையே இல்லாமல், ஒடிந்த துண்டுகளாலேயே பரவும் செடி அது. அதன் தாயகத்திலிருந்தே கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு 1983இல் கேரளத்தில் விடப்பட்டு, அதைப் பெருமளவு அடக்கியது. மஞ்சக்கொன்னைக்கு அத்தகைய வண்டு எதுவும் நம் கையில் இல்லை. எனவே, காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள், மழையில் மண் இளகியிருக்கும்போதே நாற்றுகளை வேரோடு பிடுங்கிவிடுங்கள்; வேலியோரம் நிழலுக்கு நிற்கும் மரமானால், காய் முற்றுவதற்குமுன் பட்டையை உரித்துவிடுங்கள். வணக்கம்.