கடலை அதேதான், அரைத்த விதம் வேறு

(காட்சி: விரல்களுக்கு இடையே வெந்த கொண்டைக்கடலை ஒன்று)

வெந்த கொண்டைக்கடலை ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். உருளைக்கிழங்கு போல் குழையாது; மணல்மணலாக உதிரும். அந்த நுண்துகள்களில் பல, உடையாத முழுச் செல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நார்ச்சத்தால் ஆன சுவர், அதற்குள்ளே மாவுச்சத்து.

மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவது அமிலேஸ் என்னும் நொதி. சுவர் உடையாதவரை அது உள்ளே புகப் படாதபாடு படும். சுண்டல் சாப்பிட்டவருக்கு ரத்தச் சர்க்கரை மெல்ல ஏறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு, கொண்டைக்கடலைக்கு 30-ஐ ஒட்டி இருக்கிறது. வெள்ளை ரொட்டிக்கு அது 70-ஐத் தாண்டும்.

(காட்சி: மாவு ஆலை)

அப்படியானால் எல்லாவற்றிலும் கடலைமாவைக் கலந்துவிடலாமே? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேகவைக்காத கொண்டைக்கடலையை நைசாக அரைக்கும்போது அந்தச் சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன. புரதமும் நாரும் எங்கும் போய்விடவில்லை, மைதாவைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பூட்டு உடைந்துவிட்டது.

பூட்டு உடையாத மாவு கிடைக்குமா? லண்டன் கிங்ஸ் கல்லூரியும் குவாட்ரம் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதைச் சோதித்தன. செல்கள் சிதையாமல் தயாரித்த கொண்டைக்கடலைத் தூளை, கோதுமை மாவில் 30 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் பதிலாகப் போட்டு ரொட்டி சுட்டார்கள். முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. 30 சதவீத ரொட்டியைச் சாப்பிட்டபோது, வழக்கமான ரொட்டியோடு ஒப்பிட்டால், ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆரோக்கியமான 20 பேரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பசியின் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மெதுவாகச் செரிக்கும் உணவு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பயணிக்கிறது. அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களைச் சுரந்து, மூளைக்கு ‘போதும்’ என்று சொல்லியனுப்புகின்றன. கடலைத் தூள் ரொட்டிகளைச் சாப்பிட்டவர்களிடம் இவை இரண்டுமே கூடின.

எனக்கு இன்றும் வியப்பளிப்பது வேறொன்று. டொரான்டோவில் உணவியல் ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸின் குழு 1982-லேயே கண்டது: காலையில் மசூர் வகைப் பருப்பைச் சாப்பிட்டால், மதிய உணவுக்குப் பிறகும் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை!

(காட்சி: அடைக்கல், பக்கத்தில் மாவுப் பாத்திரம்)

நம் அடுப்படிக்கு வருவோம். தட்டு நிறையச் சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி பருப்பு கூடுதலாக ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும். லண்டனிலும் கோதுமையைக் குறைத்துத்தான் கடலையைச் சேர்த்தார்கள். வாயுத் தொல்லை உள்ளவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்காமல் அளவை மாற்ற வேண்டாம்.

அடைக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், கொரகொரப்பாகவே அரைத்தெடுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடியை அரைக்காமல், ஒன்றிரண்டாக மசித்து மாவில் கலந்து வார்த்துப் பாருங்கள்.