சிவப்புப் புள்ளி இல்லாத சுரங்கப்பாதை: ஊர்ப் பாதுகாப்புக்கு உங்கள் கருத்தைக் கேட்கும்போது என்ன சொல்வது?

[திரையில்: ஒரு நகரத்தின் வரைபடம். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள்.]

வணக்கம். இது விளக்குவதற்காக நாங்களே வரைந்த படம். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் போன வருஷம் போலீசில் பதிவான ஒரு புகார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றிப் புள்ளிகள் அப்பிக் கிடக்கின்றன. கடைத்தெருவிலும் நிறைய. இப்போது இடது ஓரத்தைப் பாருங்கள். ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை போகிறது. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

அப்படியானால் அது பாதுகாப்பான இடமா?

பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் யாரும் இறங்குவதே இல்லை. பத்து நிமிஷம் அதிகமானாலும் பரவாயில்லை என்று மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ஆளே போகாத இடத்தில் வழிப்பறி எங்கே நடக்கும், புகார் எங்கிருந்து வரும்? பயம் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டது. பதிவேடு அதைப் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று எழுதிக்கொண்டது.

உள்ளாட்சி மன்றம் மக்களிடம் கருத்துக் கேட்பது இந்தக் காலி இடத்துக்காகத்தான். அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: "ஊர்ப் பாதுகாப்புத் திட்டம்" என்ற சொற்கள்.]

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இதைச் "சமூகப் பாதுகாப்பு" என்று சொன்னால் நம் காதில் ஓய்வூதியமும் உதவித்தொகையும்தான் விழும். அதனால் ஊர்ப் பாதுகாப்பு என்றே சொல்கிறேன். தெருவில், பூங்காவில், பேருந்து நிறுத்தத்தில், அடுக்குமாடிப் படிக்கட்டில் மனிதர்கள் பயமில்லாமல் இருப்பதற்காக ஓர் உள்ளாட்சி சில வருஷங்களுக்கு ஒருமுறை போடும் திட்டம் அது.

"இது போலீஸ் வேலை ஆயிற்றே, கவுன்சிலுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். தெருவிளக்கு யார் கையில் இருக்கிறது? நடைபாதையை மறைக்கும் புதரை வெட்டுவது யார்? பூங்காவை எத்தனை மணிக்குப் பூட்டுவது, பொதுக் கழிப்பறையை எங்கே கட்டுவது, இளைஞர்கள் விளையாட இடம் விடுவதா இல்லையா, இதையெல்லாம் பல நாடுகளில் உள்ளாட்சிதான் முடிவு செய்கிறது. போலீஸ் பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகு வருகிறது. விளக்கு எரியாத தெரு அதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

பிரிட்டனில் 1991-ல் ஜேம்ஸ் மோர்கன் தலைமையிலான குழு இதைத்தான் எடுத்துச் சொன்னது. குற்றத் தடுப்பு போலீசின் தனிச் சொத்து மாதிரி இருக்கக் கூடாது, உள்ளாட்சிக்கும் அதில் பங்கு வேண்டும் என்றது. 1998-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வந்த சட்டம் போலீசையும் உள்ளாட்சியையும் சேர்ந்து திட்டம் போடச் சொன்னது. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. பூங்காவோ சாலையோ குடியிருப்போ, உள்ளாட்சி எந்த வேலையைச் செய்தாலும் அது குற்றத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று யோசித்தே செய்ய வேண்டும் என்கிறது அது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதல் தன் நகராட்சிகளுக்கு இப்படி ஒரு திட்டத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களைக் கேட்க வேண்டும், அதிலும் இளைஞர்களையும் இனச் சிறுபான்மையினரையும் பூர்வகுடி மக்களையும் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது.

[திரையில்: மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வரவேற்பு மேஜை.]

சரி, போலீஸ் பதிவேட்டில் விடுபடுவது எவ்வளவு? இதற்கு வேல்ஸின் கார்டிஃப் நகரம் நல்ல உதாரணம். ஜொனதன் ஷெப்பர்ட் அங்கே முகச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். சண்டையில் தாடை உடைந்து, கண்ணாடி கிழித்து வருகிறவர்களுக்குத் தையல் போடுவது அவர் வேலை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பற்றிப் போலீசுக்குத் தெரியவே தெரியாது என்று கண்டுபிடித்தார். அடித்தவனுக்குப் பயந்து சிலர் சொல்வதில்லை. சிலர், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

அவர் கொண்டுவந்த மாற்றம் மிகச் சின்னது. காயத்தோடு வருகிறவரிடம் வரவேற்பு மேஜையில் சில கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டார்கள். எந்த இடத்தில் நடந்தது? எத்தனை மணிக்கு? எந்தப் பொருளால் தாக்கினார்கள்? பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவலைப் போலீசுக்கும் உள்ளாட்சிக்கும் கொடுத்தார்கள். எந்த மதுக்கடை வாசலில், எந்த நேரத்தில் ஆட்களை நிறுத்த வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களைவிட அங்கே வன்முறைக் காயங்கள் குறைந்தன. இன்று பல நாடுகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

இடம், நேரம், நடந்தது என்ன. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்துக்கேட்புப் படிவத்தில் நீங்கள் எழுத வேண்டியதும் இவைதான்.

[திரையில்: ஒரு வெற்றுப் படிவம். பேனா எழுதத் தொடங்குகிறது.]

இப்படி ஒரு பதிலைப் பாருங்கள். "எங்கள் ஏரியாவில் பாதுகாப்பே இல்லை. தகுந்த நடவடிக்கை எடுக்கவும்."

எழுதியவருடைய வருத்தம் உண்மையானது. ஆனால் இதை வாங்கிப் படிக்கும் அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எந்தத் தெரு? பகலா, இரவா? விளக்குப் பிரிவுக்கு அனுப்புவதா, பூங்காப் பிரிவுக்கா, போலீசுக்கா? அவர் செய்யக்கூடியதெல்லாம் "பாதுகாப்பு குறித்த கவலை" என்ற தலைப்பின் கீழ் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதுதான்.

இப்போது இதே கவலை வேறு மாதிரி.

"ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் சுரங்கப்பாதையின் கிழக்கு வாசலில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்கள் 14, 15. படி இறங்கியதும் பாதை வளைவதால் எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. நான் இரவு வேலை முடிந்து ஒன்பதரை மணிக்கு வருகிறேன். என்னோடு பேருந்தில் இறங்கும் மற்ற பெண்களும் அதில் போவதில்லை, மேம்பாலம் வழியாகத்தான் போகிறோம். இரண்டு முறை ஆட்கள் பின்தொடர்ந்தார்கள். புகார் கொடுக்கவில்லை."

இந்த ஆறேழு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். விளக்கு எண் மின்பிரிவுக்குப் போகிறது. வளைவில் ஒரு குவிகண்ணாடி வைக்கலாமா என்று பொறியாளர் யோசிக்க முடியும். ஒன்பதரை மணி என்பது ரோந்து நேரத்தை முடிவு செய்கிறவருக்கு உதவும். எல்லாவற்றையும்விட, "புகார் கொடுக்கவில்லை" என்ற கடைசி இரண்டு சொல், அந்த வரைபடத்தில் புள்ளி ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. அதை எழுத வெட்கப்படவே வேண்டாம்.

முடிந்தால் நாலு பேர் சேர்ந்து, பயமாக இருக்கும் அதே நேரத்தில் அந்த வழியாக நடந்து பாருங்கள். இதற்குப் பாதுகாப்புத் தணிக்கை நடை என்று பெயர். 1989-ல் டொராண்டோவில் ஒரு பெண்கள் அமைப்பு இதற்கென்று கேள்விப் பட்டியலே தயாரித்தது. எதிரே வருகிறவர் முகம் தெரிகிறதா? கத்தினால் யாருக்காவது கேட்குமா? தப்பித்து ஓட வேறு வழி இருக்கிறதா? இப்படிப் போகும் அந்தக் கேள்விகள். பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. அதே நகரத்தில் 1991-ல், இரவில் தனியாகப் போகும் பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, தங்கள் வீட்டுக்கு அருகில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. பின்னாளில் அதை எல்லாப் பயணிகளுக்கும் விரித்தார்கள். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தால் போதும், நடக்க வேண்டிய இருட்டு பாதியாகிவிடும்.

[திரையில்: கேமரா, விளக்குக் கம்பம் அருகருகே.]

தீர்வு என்ன என்று கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது சிசிடிவி. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கேமராக்கள் பற்றிய 40 வருஷ ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. வாகன நிறுத்துமிடங்களில் கேமரா நன்றாக உதவுகிறது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான குறைவு இல்லை. விளக்கைப் பாருங்கள். 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு வளாகங்களில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிய விளக்குக் கோபுரங்களை வைத்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன என்று கணக்கிட்டார்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. "கேமரா வையுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டால், ஒரு கேமராவைப் பொருத்திக் கோப்பை மூடிவிடலாம். பிரச்சினையை எழுதுங்கள், தீர்வைப் பேசுவதற்கு வழி விடுங்கள்.

[திரையில்: கூட்ட அரங்கு. பாதி நாற்காலிகள் காலி.]

அடுத்து வருவது எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் மதியம் மூன்று மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? வேலைக்குப் போகிறவர் வர முடியாது. கைக்குழந்தை உள்ளவர் வர முடியாது. படி ஏற முடியாதவர், அந்த நாட்டு மொழி சரளமாகப் பேசாதவர், இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவர், யாரும் வர மாட்டார்கள். இரவு நேரத் தெருவை அதிகம் பயன்படுத்துகிறவர்களே அறையில் இல்லாமல் இரவு நேரப் பாதுகாப்பை முடிவு செய்வார்கள்.

இன்னொன்றும் நடக்கும். "அந்தப் பையன்கள் சும்மா மூலையில் நிற்கிறார்கள், விரட்டுங்கள்" என்று ஒருவர் எழுந்து சொல்வார். நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தப் பையன்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால், வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, போன மாதம் எங்களைத்தான் அடித்துப் போனைப் பறித்தார்கள் என்று சொல்லக்கூடும். வீடற்றவர்கள், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள், இவர்களைப் பற்றியும் அறை முழுக்கப் பேச்சு இருக்கும், அவர்களுடைய குரல் இருக்காது. ஒரு தரப்பின் பயத்தை மட்டும் கேட்டுப் போடும் திட்டம் இன்னொரு தரப்பைத் துரத்தும் திட்டமாக மாறிவிடுகிறது. அதனால் உங்கள் பதிலில் நடத்தையை எழுதுங்கள், ஆட்களின் வகையை எழுதாதீர்கள். "இரவு பத்து மணிக்கு மேல் பாட்டிலை உடைக்கிறார்கள்" என்பது தகவல். "அந்த ஆட்கள் வந்ததிலிருந்து ஊரே கெட்டுவிட்டது" என்பதை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது.

கூட்டத்தை மாலையில் வையுங்கள், வார இறுதியில் ஒன்று வையுங்கள், எங்கள் மொழியில் படிவம் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். அதுவும் ஒரு கருத்துதான்.

[திரையில்: தராசு, நீதிமன்றம்.]

"எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது, சும்மா கண்துடைப்புக்குக் கேட்கிறார்கள்" என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. சில இடங்களில் அது நியாயமான சந்தேகம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கருத்துக்கேட்பு அதில் கீழேயிருந்து நாலாவது படி. கேட்டதைக் கணக்கில் எடுப்போம் என்ற உறுதி இல்லாவிட்டால் அது வெறும் அடையாளப் பங்கேற்பு என்றார்.

உண்மையான கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அளவுகோல் வைத்திருக்கின்றன. 1985-ல் லண்டனின் பிரென்ட் உள்ளாட்சிக்கு எதிராகக் கன்னிங் என்பவர் பெயரில் நடந்த வழக்கில் பிறந்ததால் அவற்றைக் கன்னிங் விதிகள் என்கிறார்கள். திட்டம் இன்னும் மாறக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்கு விவரமும் காரணமும் தர வேண்டும், போதிய காலமும் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹேரிங்கே உள்ளாட்சி வழக்கில் இதை உறுதிசெய்தது. அங்கே பிரச்சினை பாதுகாப்பு பற்றியது கிடையாது, உள்ளாட்சி வரிச் சலுகை. தான் யோசித்துத் தள்ளிவிட்ட மாற்று வழிகளை உள்ளாட்சி மக்களிடம் சொல்லவே இல்லை. அப்படி நடத்திய கருத்துக்கேட்பு சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம்.

உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதற்கு இந்த விதிகள் போதும். "இந்த வரைவில் எது இன்னும் மாறலாம்? வேறு எந்த வழிகளை யோசித்தீர்கள்? எங்கள் பதில்களை யார் படிப்பார்கள், எப்போது?" நிதானமாக, மரியாதையாகக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதற்குப் பிந்தைய கட்டம். பதில்கள் சேர்ந்ததும் ஓர் அறிக்கை வர வேண்டும். மக்கள் சொன்னது இது, ஏற்றுக்கொண்டது இது, ஏற்காதது இது, ஏற்காததற்குக் காரணம் இது என்று அதில் இருக்க வேண்டும். காரணத்தோடு வரும் "முடியாது" என்ற பதிலையும் நான் மதிப்பேன், அதோடு வாதாட முடியும். அப்புறம் பட்ஜெட்டைப் பாருங்கள். திட்டத்தில் எழுதிய வேலைக்குத் தொகை ஒதுக்கியிருக்கிறார்களா, எந்தப் பிரிவு, எந்த மாதத்துக்குள்? இது மூன்றும் இல்லாத வரி திட்டத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடக்காது.

[திரையில்: மறுபடி அதே வரைபடம். சுரங்கப்பாதையின் மேல் ஒரு நீலப் புள்ளி தோன்றுகிறது.]

இந்த நீலப் புள்ளி, சற்று முன் படித்த அந்தப் பெண்ணின் பதில். உங்கள் ஊரில் கருத்துக்கேட்பு நடந்துகொண்டிருந்தால் முதலில் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் சுற்றிப் போகிற அந்த வழிக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஓர் இரவு போய், கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.