ஜூலை 26: பேர் படிக்கிற நாள்

(கார்கில் வெற்றி நாளன்று, கோபி வட்டாரக் கிராமம் ஒன்றில், விடுப்பில் வந்திருந்த ராணுவ ஹவில்தார் ஒருவர் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். பாசம் புரிகிறது. ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்கு இன்றைக்கு என்ன வேலை? கூட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

1999 மே மாதம் ஆரம்பித்த கார்கில் சண்டை ஜூலை 26-ல் முடிந்தது. நம் பக்கம் 527 பேர் உயிரை விட்டார்கள். டிவியில் இன்று முழுக்க வெற்றியைத்தான் காட்டுவார்கள், காட்டட்டும். யூனிட்டில் காலையில் நினைவுத்தூண் முன்னால் வரிசையாக நிற்போம். துப்பாக்கி முனையைக் கீழே திருப்பித் தலை குனிவோம். பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' என்கிற அஞ்சலி இசையை வாசிப்பார்கள். அப்புறம் இரண்டு நிமிடம் மௌனம்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ஜவான் என்ன நினைப்பான்? தூணில் இருக்கிற பேர்களை மேலிருந்து படிப்பான். சிப்பாய், சிப்பாய், லான்ஸ் நாயக், மறுபடி சிப்பாய். எல்லாம் போன மாதம் எங்கள் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்த பையனின் வயசு. படித்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனை ஓரக்கண்ணால் பார்ப்பான். நாளைக்கு நான் விழுந்தால் இவன் என்னை அங்கேயே விட்டுவிட்டு வரமாட்டான், அவ்வளவுதான் மனசில் ஓடும்.

மேஜர் மாரியப்பன் சரவணன், திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட். கார்கில் பக்கத்து படாலிக்கில் மே 29 அன்று இறந்தார். அவர் விழுந்த இடம் எதிரியின் குண்டுக்கு நேர் கீழே. உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவர்கள் ஏன் சாகத் துணிய வேண்டும் என்று காலேஜ் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்விதான். விட்டுவிட்டு வந்தால், அடுத்த மலையை எவன் தம்பி ஏறுவான்?

கார்கிலில் இறந்தவர்களை ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1962, 1965, 1971 சண்டைகளில் அப்படியில்லை. பெரும்பாலும் களத்துப் பக்கமே எரித்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி. அந்தக் குடும்பங்களுக்குப் போய் நிற்க, எல்லார் பேரும் சேர்ந்திருக்கிற ஓர் இடம் 2019 பிப்ரவரி 25-ல்தான் கிடைத்தது, தில்லி தேசியப் போர் நினைவுச் சின்னம். சுதந்திரத்துக்குப் பின் இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பேர் அங்கே கருங்கல்லில் இருக்கிறது. 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படைக்காரர்கள் பேரும் உண்டு. அந்தச் சண்டையைப் பற்றி நம் ஊரில் ஆளுக்கொரு கருத்து, அதை நான் பேச முடியாது. போகச் சொன்னார்கள், போனார்கள்.

கல்லில் பேர் வெட்டுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லைங்க. பட்டிக்குள் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்குப் புலிகுத்திக்கல் நட்டுக் கும்பிட்ட மண் இது. தருமபுரிப் பக்கத்து நடுகற்களில், ராஜாவின் ஆட்சி ஆண்டைச் சொல்லி, மாட்டு மந்தையை மீட்கப்போய்ச் செத்தவன் இன்னான் என்று வெட்டியிருக்கிறார்கள். ராஜா பேர் இருக்கிற அதே கல்லில் ஊர்க்காரன் பேரும்!

சரி, நமக்கு என்ன வேலை? டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் எனக்குக் கவலை வேறு. பட்டாளத்துக்காரர்களின் விதவைகள், வயசான ஆத்தாக்கள், பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். இப்போது அது 'ஸ்பர்ஷ்' என்கிற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் ஏறிவிட்டது. களை வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழாது, ஓடிபி வந்தால் போனைப் பார்க்கத் தெரியாது. கணவன் பேர் தில்லிக் கல்லில் இருக்கும், இவர் இங்கே இ-சேவை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பைக் வைத்திருக்கிற பசங்க ரெண்டு பேர் பேர் கொடுங்கள். நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு எழுதுவோம். லீவ் முடிவதற்குள் ஈரோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்.